பொன்னுரங்கத்தின் தள்ளுவண்டி

ஒரு கிடங்கில் ஒரு தள்ளுவண்டியும் ஒரு ஃபோர்க்லிஃப்டும் இருந்தன. மூட்டைகளைத் தள்ளுவண்டி சுமக்கும், கனத்த இயந்திரப் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் தூக்கும். தள்ளுவண்டியைத் தள்ளுகிறவர் பொன்னுரங்கம். சரிவில் இறங்கும்போதெல்லாம், "மெதுவாப் போடா ராசா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே தள்ளுவண்டி அவர்மேல் உயிராக இருந்தது.

ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் பழுதாகி நின்றுவிட்டது. வாசலில் லாரிக்காரர் அவசரப்படுத்தினார். பொன்னுரங்கம் சற்று யோசித்துவிட்டு, ஒரு இயந்திரப் பெட்டியை ஆட்களோடு சேர்ந்து தள்ளுவண்டியில் ஏற்றினார். தன் அச்சில் விரிசல் விழுவதைத் தள்ளுவண்டி உணர்ந்தது.

"முனகு தம்பி. சத்தம் கேட்டா இறக்கிடுவார்" என்றது ஃபோர்க்லிஃப்ட்.

"என்னை நம்பித்தானே அண்ணே ஏத்தியிருக்கார். முடியாதுன்னா என்ன நினைப்பார்?"

வலியை விழுங்கிக்கொண்டு தள்ளுவண்டி சத்தமில்லாமல் உருண்டது. சரிவின் பாதியில் அச்சு முறிந்தது. பெட்டி சாய்ந்து பொன்னுரங்கத்தின் காலில் விழுந்தது. அலறல் கேட்டு ஆட்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிப் போனார்கள்.

தள்ளுவண்டிக்குப் புது அச்சு போட்டார்கள். அதைத் தள்ள வேறொருவர் வந்தார்.

மழைக்காலம் முடிந்தபின், கிடங்கில் கிடந்த தன் துணிப்பையை எடுத்துப்போகப் பொன்னுரங்கம் வந்தார். கக்கத்தில் ஊன்றுகோல் இருந்தது. ஒரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது. திரும்பும்போது தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தடவினார்.

"உன்மேல என்னடா தப்பு? வாயில்லாச் சீவன் நீ" என்றார்.

அவர் தாங்கித் தாங்கி வாசலைக் கடக்கும்வரை தள்ளுவண்டியும் ஃபோர்க்லிஃப்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.