தரையை நக்கும் கார்

"பாருடி, ஒரு காரைத் தூக்க இவன் பண்ற அலப்பறையை!"

பால்கனியில் டீயும் கையுமாக நின்று கத்தினார் செயலாளர். தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தெருவில் ஒரு இலை விழுந்தாலும் அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

எதிர்வீட்டு வாசலில், புதிதாகக் குடிவந்த இளைஞன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தான். தரையை நக்கிக்கொண்டே ஓடுகிற கார். அடியில் ஒரு செருப்பைத் தள்ளினால்கூட மாட்டிக்கொள்ளும்.

"மேனேஜரைக் காணோம்னு நான் உசிரை விட்டுட்டிருக்கேன். உங்களுக்கு வேடிக்கை கேக்குதா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல் உடைந்து வந்தது.

மேனேஜர் அவள் வளர்க்கும் பூனை. ஒரு வேலையும் செய்யாமல், உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து எல்லாரையும் முறைப்பதால் அந்தப் பதவி. நேற்று ராத்திரியிலிருந்து காணோம். பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கட்டிலடி, பீரோ இடுக்கு என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் வழியா ஓடியிருக்கும். பசிச்சா தானா வரும்னு சொன்னேன்ல?" என்றார் செயலாளர், டம்ளரைப் பார்த்தபடி. "இல்லேன்னா இந்தக் கார்க்காரன் அடிச்சுப் போட்டிருப்பான்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

செயலாளர் மறுபடி எதிர்வீட்டுக்குத் திரும்பினார். இளைஞன் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தான். ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்தான். பெரிய ஜாக்கி அடியில் நுழையவில்லை. உடனே தீப்பெட்டி மாதிரி ஒரு குட்டி ஜாக்கியை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி, டயருக்குக் கீழே பலகையைச் செருகினான். அப்புறம் அடுத்த பக்கம்.

"யோவ் தம்பி! ஸ்டார்ட் பண்ணி ஒரே ஏத்தா பலகை மேல ஏத்த வேண்டியதுதானே! எதுக்கு இந்தத் தாலாட்டு?"

இளைஞன் நிமிர்ந்தான். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்று காட்டினான்.

செயலாளருக்குச் சுருக்கென்றது. "என்னையே வாயை மூடச் சொல்றான்டி! என்ன திமிரு!"

விடுவாரா? போனை எடுத்துப் படம் பிடித்தார். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'வாசலை ஒர்க்‌ஷாப்பாக்கித் தெருவின் அமைதியைக் கெடுப்போரைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.' தெருவில் அந்த நேரத்தில் கேட்ட ஒரே சத்தம் அவருடையதுதான். ஆனாலும் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

இப்போது பெரிய ஜாக்கி நுழைந்தது. கார் மூக்கைத் தூக்கியது. இளைஞன் அதோடு விடாமல் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை அடியில் முட்டுக் கொடுத்தான். காரை மெதுவாக அசைத்துப் பார்த்தான். ஆடவில்லை. பிறகு அடியில் ஒரு பழைய துண்டை விரித்தான்.

"காருக்கு மெத்தை வேற போடறான்! தலைகாணி வேணுமா தம்பி? அந்தக் காலத்துல நாங்க நாலு செங்கல்லை வெச்சுட்டு உள்ள பூந்து வேலை பார்த்தோம்!"

அவர் வாழ்நாளில் சைக்கிளுக்குக்கூடக் காற்றடித்ததில்லை.

மறுபடியும் அதே விரல், அதே "ஷ்ஷ்". செயலாளர் டம்ளரை டொங்கென்று வைத்தார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!" என்று படியிறங்கினார். எங்கே போய் வம்பு வளர்க்கிறாரோ என்று மனைவியும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவர்கள் தெருவைக் கடப்பதற்குள் இளைஞன் இஞ்சினுக்கு அடியிலிருந்த தகட்டைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தான். வெளியே எடுத்தபோது, கையில் கரியும் கிரீஸுமாக ஒரு உருண்டை. அது எல்லாரையும் முறைத்தது.

"மேனேஜர்!"

அவள் வாரி அணைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் கரி. அவளுக்கு அதெல்லாம் பொருட்டா?

"ராத்திரி இஞ்சின் சூட்டுக்கு ஏறிப் படுத்துடுச்சு போலக்கா. காலைல ஆபீஸ் கிளம்ப வந்தேன், உள்ளேருந்து முனகல். மேலேருந்து கை எட்டலை. ஸ்டார்ட் பண்ணியிருந்தேன்னா..." அவன் முடிக்கவில்லை.

செயலாளர் பூனையின் பக்கம் பார்க்காமல் கேட்டார். "அதை... முதல்லயே சொல்லக் கூடாதாப்பா?"

"எங்க சார் சொல்றது? உங்க குரல் கேக்கறப்பல்லாம் அது இன்னும் உள்ள உள்ள பம்முச்சு. அதான் ஷ்ஷ்னு காட்டினேன்."

"நீ நல்லா இருப்பே தம்பி," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் அவள். "ஆனா இது எப்படித்தான் வெளிய வந்துச்சோ? ஜன்னலெல்லாம் நானேதான் சாத்தினேன்."

இளைஞன் செயலாளரை ஒரு பார்வை பார்த்தான். "ஏதாவது ஒரு கதவு சரியா சாத்தாம இருந்திருக்கும்கா. முதல்ல அதுக்குப் பால் குடுங்க."

அவள் மேனேஜரோடு வீட்டுக்கு ஓடினாள்.

செயலாளர் மென்று விழுங்கினார். "தம்பி, குரூப்புல நான் ஏதோ ஒரு வேகத்துல..."

"பார்த்தேன் சார். நானும் அந்த குரூப்புலதான் இருக்கேன்."

ஸ்டாண்டுகளை எடுக்கக் குனிந்தவன், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நேத்து ராத்திரி நான் காரை நிறுத்தறப்ப, நீங்க பூனையைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய போட்டுட்டுக் கதவைச் சாத்தினதையும் பார்த்தேன். அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க சார்."

திமிர் பிடித்த அந்த விரல் மறுபடியும் உதட்டுக்குப் போனது.

"ஷ்ஷ்."