ஒற்றை நட்சத்திரம்

என் நினைவு பிசகாக இருக்கலாம். ஆனால், வீரபாண்டி ஊரிலேயே சிக்கனமான சாரதாமணி அன்று செலவு செய்யச் சொன்னார்.

"கடைக்கு மாச வாடகை சாப்ட்வேரே இருக்கட்டும் கண்ணு."

"தண்டச் செலவுங்க அத்தை. நம்ம சர்வர்லயே பிளகின்னு ஒரு துணை சாப்ட்வேர் போட்டா, ரிவ்யூ எழுதுனவங்க நம்பரும் தெரியும்," என்றாள் மருமகள் இந்துமதி. அவளது ஆன்லைன் பனியன் கடையில், பெயரில்லாத யாரோ ஒவ்வொரு டிசைனுக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டுவந்தார். 'கழுத்து தொங்குதுங்க.' 'தையல் நிக்கலீங்க.'

"அந்த நாசமாப் போனவ யாருன்னு தெரியோணுங்க."

"திட்டாதே சாமி. அவ சொன்னதைத் திருத்தித்தானே யாவாரம் ஏறுச்சு?"

பிளகின் வந்தது. அதில் தெரிந்த எண்ணை இந்துமதி அழைத்தாள்.

சாரதாமணியின் மடியில் போன் அடித்தது.

"நேர்ல சொன்னா மாமியார் கொடுமைம்பே!"

இந்துமதிக்குச் சிரிப்பில் புரையேறியது.

இப்போது ஒவ்வொரு பனியனையும் சாரதாமணிதான் முதலில் இழுத்துப் பார்க்கிறார். இருவரும் நேரிலேயே சண்டை போடுகிறார்கள்.