முன்சீட்டுக்குக் கீழே

மெக்கானிக் ஸப்ரி நானா என் வேனின் முன்சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர்மார் அப்படிப் பார்த்தால் செய்தி நல்லதில்லை. கராஜிலும் அதே கதைதான்.

அவர் இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை செய்து, வேன் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. இன்று காலை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புளத்கொகுபிட்டிய டவுனுக்கு இறங்கும்போது டாஷ்போர்டில் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் இன்ஜினுக்குள் ஒயில் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்தினேன். பிள்ளைகள் மிச்சத் தூரத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள். வேனை ஒரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தேன்.

போன தடவை வேலை முடியும்வரை பிள்ளைகளின் பெற்றோர் பொறுத்திருந்ததே பெரிய காரியம். இன்னொரு தடவை பிரித்தால் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். நான் இதை விற்றுவிட்டு மறுபடியும் குவைத்துக்குப் போகவேண்டியதுதான், யாரோ வீட்டுச் சட்டி கழுவ.

அப்பா வெளியே பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பால் காய்ந்த சட்டையோடு வந்திருந்தார். கேட்டால், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்கிறார். தோட்டத்திலிருந்து டவுனுக்குச் சும்மா வருகிற ஆளா அவர்?

அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது.

வேன் திரும்பி வந்த அன்று தோட்டத்து லயத்து வீடுகளின் சனமெல்லாம் கூடி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். அப்பா மட்டும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை.

"சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்பார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர் அவர். நான் அப்போது குவைத்தில். அம்மா போன பிறகு முடிச்சை அவிழ்த்து, காசை ஓயா ஆற்றில் வீசிவிட்டாராம். அதோடு கோயில் வாசலை மிதிக்கவில்லை. அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள வழக்கு, நான் குறுக்கே போகமாட்டேன். ஆனால் என் வேனுக்காக ஒரு நாள், ஒரு நிமிஷம், வந்து நின்றிருக்கலாம்.

ஸப்ரி நானா விளக்கை எரியவைக்கிற ஒயில் ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தங்கச்சி."

முள் ஏறாவிட்டால் நான் குவைத்.

முள் ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கவில்லை.

"இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. வெளக்குத்தான் பொய் சொல்லுது."

கழற்றிய ஸ்விட்சின் வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் விளக்கு அணைந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தது. வயர் எங்கேயோ இரும்பில் படுகிறது என்று முணுமுணுத்தபடி, ஸப்ரி நானா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வயரின் பின்னாலேயே போனார். சீட்டுக்கு நேர் கீழே, இருட்டு மூலையில், அவர் கை நின்றது.

ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு.

நூலால் கட்டவில்லை. கம்பியால் கட்டியிருந்தது. அவிழ்ந்துவிடக் கூடாது என்று வயரோடும் இரும்போடும் சேர்த்து இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருந்தார்கள். ஒரு கிழமைக் குலுக்கலில் கம்பி வயரின் தோலை அறுத்துவிட்டது.

"ஒங்கட ஆக்கள் கட்டினதுதானே? கழட்டி வீசவா?"

கம்பியைப் பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையை மாட்டுகிற கம்பி. வளைவில் காய்ந்த பால் ஒட்டியிருந்தது.

"வேணாங்க நானா. கொஞ்சம் தள்ளிக் கட்டிருங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வயருக்கு டேப் சுற்றி, கேஜைக் கழற்றி, ஸ்விட்சைத் திரும்பப் பூட்டினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முடிச்சை எடுத்தார். ஒரு வேளைத் தொழுகையும் தவறவிடாத மனுஷன், அம்மனுக்கு முடிந்த காசைப் பத்திரமாக வேறொரு கொக்கியில் கட்டினார்.

அவர் சீட்டை இறக்கியதும் வெளியே வந்தேன். அப்பா டயரை விட்டு எழுந்து நின்றார்.

"வயர் ஒன்னு பட்டுக்கிட்டு இருந்துச்சுப்பா. சரியாயிருச்சு."

முடிச்சைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அப்பா வேனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"கழட்டிட்டாரா?"

"இல்லப்பா. இருக்கு."

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் மறுபக்கம் ஏறினேன். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"சாமியோட பேச்சுவார்த்த இன்னமும் கெடையாதுதான். ஒரு வார்த்த சொல்லி மட்டும் வச்சேன்."

சாவியைத் திருப்பினேன். வழக்கம்போல் முதலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.