மீசை வரைந்த பை

"இன்னிக்கு அந்த ஆளைப் பிடிக்காம விட்டீங்கன்னா, அடுத்த வருஷம் நீங்க வேலைக்கு வர வேண்டாம், டெல்பர்ட்."

சொல்லிவிட்டு அணியின் முதலாளியம்மா வினிஃப்ரெட் கோல் மாடியிலிருந்த தன் கண்ணாடி அறைக்கு ஏறிப் போய்விட்டார். டெல்பர்ட் இருபத்தாறு வருடமாக ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் ரசிகர்களுக்கு இருக்கை காட்டுகிறவர். வேறு வேலை தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது.

பிடிக்க வேண்டிய ஆள் திருடன் இல்லை. தலையில் மளிகைக்கடைக் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வரும் ஒரு ரசிகர்.

தோற்கிற அணியைப் பார்க்க வந்த வெட்கத்தில், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பையை மாட்டிக்கொள்கிறவர்கள் எந்த பேஸ்பால் மைதானத்திலும் உண்டு. இந்த வருடம் ஹெரான்ஸ் மைதானத்துக்கு முகத்தோடு வந்தவர்கள்தான் குறைவு. ஆனால் இந்த ஆளின் பையில் மட்டும் கரியால் ஒரு முறுக்கு மீசை வரைந்திருக்கும்.

சொந்த மைதானத்தில் ஹெரான்ஸ் ஜெயித்ததே பதினெட்டு ஆட்டம். பதினெட்டிலும் பதினான்காம் பகுதியின் கடைசி வரிசையில் அந்த மீசைப் பை உட்கார்ந்திருந்தது. அது வராத நாளெல்லாம் உதைதான்.

தோல்விக்குக் காரணம் தேடி முதலாளியம்மா மாற்றாதது இல்லை. சட்டையின் நிறத்தை மாற்றினார், இடைவேளையில் ஆர்கன் வாசிப்பவரை மாற்றினார், அணியின் சின்னமான கொக்கு வேஷம் கட்டிக் குதிப்பவரைக்கூட மாற்றிப் பார்த்தார். எதுவும் பலிக்காமல் கடைசியில் இந்தப் பையைக் கண்டுபிடித்திருந்தார்.

இன்று வருடத்தின் கடைசி ஆட்டம். இதுவரை நூற்று இருபத்தொரு தோல்வி. இன்னும் ஒன்று சேர்ந்தால், லீகில் யாருமே தோற்காத அளவுக்குத் தோற்றவர்கள் என்று ஹெரான்ஸின் பெயர் ஏட்டில் ஏறிவிடும்.

மூன்று சுற்று முடிவதற்குள் எதிரணி ஆறு ரன் எடுத்துவிட்டது. ஹெரான்ஸ் பூஜ்யம். கோச் ரஸ் ப்ராடிகன் வழக்கம்போல மூக்கைத் தொட்டு, காதை இழுத்து, தொப்பியைத் தட்டி, தொடையைத் தடவி, சைகைமேல் சைகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பையன் மட்டையை வீசுவதற்குள் பந்து கடந்து போயிருக்கும்.

"யோவ் கோச்! அது சைகையா, இல்ல கொசு கடிக்குதா? தெளிவாச் சொல்லுய்யா!" என்று யாரோ கத்த, மைதானத்திலிருந்த பைகளெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. பதினான்காம் பகுதியின் கடைசி வரிசை காலியாகக் கிடந்தது.

"எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க?" என்றாள் வேர்க்கடலை விற்கும் ட்ரூடி. "அந்த ஆளு என்னிக்கு முதல் பந்துக்கு வந்திருக்காரு? பாதி ஆட்டம் போனப்புறம்தானே வருவாரு!"

"இன்னிக்குன்னு பாத்து வராம போயிட்டா?"

"போனா போகுது. இத்தனை தோத்தாச்சு, சாண் என்ன, முழம் என்ன?"

"தோத்தா அவங்களுக்குப் பேர்தான் போகும், ட்ரூடி. எனக்குச் சோறே போயிடும்."

கீழே கோச்சுக்குச் சாமி வந்துவிட்டது. ஒன்றுமில்லாத ஒரு தீர்ப்புக்காக அம்பயரிடம் ஓடிப்போய்க் கத்தினார். அவருடைய ஷூமேல் மண்ணை எத்தினார். தன் தொப்பியையே கழற்றிப் போட்டு மிதித்தார். அம்பயர் அவரை ஆட்டத்தை விட்டே வெளியேற்றி, கட்டைவிரலால் வாசலைக் காட்டினார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். இந்த வருடம் கோச் பிசகாமல் செய்த ஒரே காரியம் இதுதான்.

துணைக் கோச் சைகை எதுவும் காட்டாமல், அவர்பாட்டுக்குச் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

ஐந்தாவது சுற்றில் ட்ரூடி வீறிட்டாள். "டெல்பர்ட்! அதோ மீசை!"

டெல்பர்ட் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மூச்சு வாங்கியது.

"ஐயா, நீங்க யாரோ எவரோ. இன்னிக்கு மட்டும் பாதியில எழுந்து போயிடாதீங்க. முதலாளியம்மா உங்களைப் பாக்கணுமாம். நீங்க போயிட்டா என் வேலையும் போயிடும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

பை, சரி என்பதுபோல மெல்ல ஆடியது.

அதற்குப் பிறகு நடந்ததை டெல்பர்ட்டால் நம்ப முடியவில்லை. வருடம் முழுக்கக் காற்றை அடித்த பையன்கள் பந்தை அடித்தார்கள். ஆறாவது சுற்றில் இரண்டு ரன், எட்டாவதில் நான்கு. ஒன்பதாவதில் ஒருவன் பந்தை மதிலுக்கு வெளியே அனுப்பினான். ஏழுக்கு ஆறு. ரசிகர்கள் பைகளைக் கிழித்து வானத்தில் எறிந்தார்கள். டெல்பர்ட் வெட்கமில்லாமல் அழுதார்.

மீசைப் பை மட்டும் சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருந்தது.

முதலாளியம்மா கையில் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார்.

"எங்க குலதெய்வம் மாதிரி நீங்க! அடுத்த வருஷம் இங்க நடக்கிற எண்பத்தோரு ஆட்டத்துக்கும் நீங்க வரணும். சீட்டு, சாப்பாடு, பீர் எல்லாம் என் செலவு. கோச் ரஸ்ஸுக்கும் இன்னிக்குக் காலைலதான் இன்னும் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிச்சிருக்கேன். அவர் திறமையும் உங்க ராசியும் சேர்ந்தா கோப்பை நமக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இப்படிப் பாதியில வரக் கூடாது. முதல் பந்துலேருந்து இங்க இருக்கணும்."

பைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பையின் ஓட்டைகள் டெல்பர்ட் பக்கம் ஒரு தடவை திரும்பின. பிறகு அந்த ஆள் இரண்டு கையாலும் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார் கோச் ரஸ் ப்ராடிகன்.

"முதல் பந்துலேருந்துன்னா, நீங்க என்னை வேலையை விட்டுத் தூக்கணுமே, மேடம்."