கறிவேப்பிலைக்காரியின் சிவப்புப் புள்ளிகள்

இதை நான் நேரில் கேட்கவில்லை. விடுதித் தோழி ஜெசிந்தா சொன்னாள். அவளுக்கும் யாரோ சொன்னதாம்.

கறிவேப்பிலை தின்று வளர்ந்த ஒரு வண்ணத்துப்பூச்சி, கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு பூவில் அமர்ந்தாள். பக்கத்துப் பூவில் அதே புள்ளிகளோடு இன்னொருத்தி இருந்தாள். அவள் ஆடுதின்னாப்பாளைக் கொடியின் நஞ்சைத் தின்று வளர்ந்தவள்.

“இது எங்க டிசைன். யாரைக் கேட்டுப் போட்டே?” என்றாள் நஞ்சுக்காரி.

“என்னைக்காவது கேப்பீங்கன்னு பயந்துகிட்டேதான் பறக்கிறேன் அக்கா. இதைப் பார்த்தா கரிச்சான் குருவி கிட்ட வர்றதில்லை.”

“ஏன் வர்றதில்லை? எங்க ஆளுங்களைத் தின்னு வாந்தி எடுத்த பயம். நேத்து உங்க ஆளு ஒருத்தியைத் தின்னுச்சு, ருசியா இருந்துச்சாம். அந்த நெனப்புல இன்னைக்குக் காலையில என் தங்கச்சியைக் கொத்திடுச்சு.”

கறிவேப்பிலைக்காரி தன் சிறகைத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப இதைக் கழட்டிடறேன் அக்கா.”

“கழட்டு, பார்ப்போம்.”

அவள் சிறகைக் காம்பில் தேய்த்தாள். பொடி உதிர்ந்தது, ஓரம் கிழிந்தது. சிவப்பு போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

“போதும்டி, நிறுத்து” என்றாள் நஞ்சுக்காரி.

அப்போது கரிச்சான் எதிர்க்கிளையில் வந்து உட்கார்ந்தது. இருவரில் யாரைப் பார்க்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜெசிந்தா கதையை அங்கேயே நிறுத்திவிட்டாள். எனக்கு மனசு கேட்காமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். கறிவேப்பிலை தின்னும் அந்த இனத்தில், பெண்களில் சிலருக்கு மட்டுமே அந்தச் சிவப்பு வருகிறது. யாருக்கு என்பது முட்டையிலேயே முடிவாகிவிடுகிறது.