மூன்றே காலிலிருந்து ஐந்து வரை

"மாமா, இன்னொரு வாய் தண்ணி குடு," என்றாள் ரூபா. அரை மணி நேரத்தில் அது நான்காவது தடவை.

"புள்ள பெத்தியா, கெணறு வெட்டுனியா?" என்று டம்ளரை நீட்டினான் மணிவேல். அவள் சிரித்தாள். இரண்டரை மணிக்குப் பிறந்த பெண் குழந்தை பக்கத்தில் துணிச்சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓசூரில் பதினோரு கட்டில் போட்ட சின்ன நர்சிங் ஹோம் அது. அத்தனைக்கும் ஒரே நர்ஸ், சுவேதா. மூன்று மணிக்கு வந்தவள் ரூபாவின் நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், பேடில் செருகியிருந்த தாளில் எழுதினாள்.

"தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா சிஸ்டர். உதடு வேற வெளுத்த மாதிரி தெரியுது."

"பிரசவம் ஆனா அப்படித்தாண்ணா இருக்கும். நீங்க எங்க வேலை?"

"மூக்கண்டப்பள்ளியில பார்ட்ஸ் கம்பெனி. லைன் இன்ஸ்பெக்டர். மணிக்கு மணி ரீடிங் எடுத்து ஷீட்ல எழுதணும்."

"அட, நம்ம வேலையேதான்!" என்று சிரித்தாள். அதற்குள் பிரசவ அறையிலிருந்து யாரோ அலறினார்கள். பேடைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடினாள்.

நான்கு மணிக்குமேல் ரூபா பேசவில்லை. களைப்பில் தூங்குகிறாள் என்று நினைத்தான். ஆனாலும் மனசு கேட்காமல் ஒருமுறை போய்ப் பிரசவ அறைக் கதவைத் தட்டினான். "வர்றேண்ணா" என்ற குரல் மட்டும் வந்தது.

ஐந்து பத்துக்கு ரூபாவின் கண்கள் செருகின. போர்வையை விலக்கினால் மெத்தை முழுக்க ரத்தம். பெங்களூருக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபது நாள் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் சுகாதாரத் துறை அதிகாரி ராஜலட்சுமி. இந்தப் பக்கம் நர்சிங் ஹோமின் முதலாளி டாக்டர் அண்ணாதுரை, ஓரத்தில் சுவேதா. மணிவேல் உட்கார மாட்டேன் என்று நின்றான்.

"திடீர்னு வந்த ரத்தப்போக்கு மேடம். யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "கால் மணிக்கொரு தடவை பார்த்திருக்கோம். சார்ட்டே சொல்லுது."

"பொய்!" மணிவேல் அறைந்ததில் மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் உருண்டது. "மூணு மணிக்கு அப்புறம் ஒரு ஆள் எட்டிப் பார்க்கலை. பதினோரு கட்டிலுக்கு ஒத்தப் பொண்ணைப் போட்டுட்டு, சார்ட் சொல்லுதாம் சார்ட்டு! ஒருத்தர் கையப் புடிச்சுப் பார்த்திருந்தா எம் பொண்டாட்டி இன்னிக்கு வீட்ல இருப்பா."

"உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது தம்பி."

"புரியுதா? புட்டியை வச்சா எம் பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்குது. வந்து அதுக்குப் புரிய வைய்யா!"

ராஜலட்சுமி கையமர்த்திவிட்டு ஓரத்தைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. கால் மணிக்கொரு தடவை பார்த்தியா?"

சுவேதா தலை நிமிர்ந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, மணிவேலைத்தான் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"சின்னப் பொண்ணு, பயந்துபோயிருக்கு. நீங்க தாளைப் பாருங்க மேடம்," என்றார் டாக்டர்.

ராஜலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மூணே கால், நாடி எண்பத்திரண்டு. மூணரை, எண்பத்தி நாலு. மூணே முக்கால், எண்பது. நாலு மணி, எண்பத்தி மூணு..." ஐந்து மணி வரை எட்டு வரி. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"இந்தத் தாள் சரின்னா, தவிர்க்க முடியாத மரணம்னு எழுதி ஃபைலை மூடுறதுதான் வழி," என்றார்.

"மூடிடுவீங்களா? கையத் தொடாம எழுதின தாள் மேடம் அது! அத்தனையும் பொய்!"

"நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன் மணிவேல். உக்காந்த இடத்துல எழுதினா எட்டு வரியிலயும் ஒரே நம்பர்தான் இருக்கும். எத்தனை ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். இதுல ஒவ்வொரு தடவையும் ரெண்டு, மூணு, நாலுன்னு ஏறி இறங்குது. நாடி பார்க்காம எப்படி இப்படி எழுத முடியும்?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சுவேதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராஜலட்சுமி பேனாவைத் திறந்தார். மணிவேல் எட்டி, அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினான். கத்தினான்.

"அஞ்சு மணி வரைக்கும் ரொப்பி வைங்கண்ணான்னு சொல்லிட்டு ஓடுச்சு அந்தப் பொண்ணு. ஒரே நம்பரா இருந்தா ஆடிட்ல மாட்டிக்கும்னு, கம்பெனியில பழகின கை மேடம்... மாத்தி மாத்தி எழுதினது நான்தான்!"