கடைசி இலக்கம்

பரம்பரை இரும்புப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் யாரோ ஆணியால் கீறியிருந்த முப்பத்தோர் இலக்க எண்ணை, கணக்கு வாத்தியார் பூவராகன் பொழுதுபோக்காகத்தான் வகுக்க ஆரம்பித்தார். அப்பா செத்த வயது அறுபத்தொன்று, மீதியில்லாமல் போயிற்று. சித்தப்பா ஐம்பத்து மூன்று, அத்தை எழுபத்தொன்று; இரண்டும் அப்படியே. அதற்கு மேல் உயிரோடு இருப்பவர்கள்தான் பாக்கி. மனைவி சௌந்தரிக்கு நாற்பத்து மூன்று. முதலில் அதைப் போட்டுப் பார்த்தார். வகுபடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் நாற்பத்தேழை எடுத்தார். அந்த வயது முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

துருவேறிய எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. இந்த முறையும் சௌந்தரிதான் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் இறக்கி எழுதிக்கொண்டே வந்தார். ஒன்பது மிஞ்சியது. இன்னும் ஒரே இலக்கம்.

"எது வரக் கூடாதுங்க?"

"நாலு. தொண்ணூத்திநாலு ஆயிட்டா மீதியே இருக்காது."

இதுவரை நான்கு தடவை வாசித்திருக்கிறாள்; நான்கு தடவையும் கடைசியில் நாலுதான். அவள் மூடிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

தப்புக் கணக்குப் போடும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிற மனிதர், மறுபேச்சில்லாமல் ஒன்றை எழுதினார். "மீதி நாப்பத்திநாலு."

"சும்மா பயந்து செத்தீங்க" என்று மூடியைச் சாத்தி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒன்பது நாளைக்கு ஸ்கூலுக்கு நடந்தே போங்க."